சி.டி. ஸ்கேன் பயிற்சி: கதிர்ப்பட மாணவர்கள் கற்கும் முறை

சி.டி. ஸ்கேன் பயிற்சி என்பது, கதிர்ப்படத் தொழில்நுட்பம் பயிலும் மாணவர்கள் எக்ஸ் கதிரையும் கணினியையும் கொண்டு உடலின் குறுக்குவெட்டுப் படங்களை எடுக்கக் கற்றுக்கொள்ளும் பாடப்பகுதியாகும். இப்படங்களை எடுப்பவரை மருத்துவமனைகளில் ரேடியோகிராபர் என்றும், தமிழக அரசு ஆணைகளில் நுண்கதிர் வீச்சாளர் என்றும் குறிப்பிடுகின்றனர். படத்தைப் பார்த்து நோயைக் கூறும் கதிரியல் மருத்துவர் வேறொருவர். பொதுமக்களில் பலர் இருவரையும் ஒருவராகவே எண்ணுகின்றனர். மேசையிலிருந்து இறங்கியதும் "ஒண்ணும் இல்லையே தம்பி?" என்று கேட்காத நோயாளி அரிது. அதற்குத் தன் வாயால் விடை சொல்லிவிடாமல், மருத்துவரிடம் கேட்கும்படி பக்குவமாகச் சொல்லி அனுப்புவதும் பயிற்சியில் ஒரு பாடம்.

இப்பயிற்சிக்கு மற்றப் படிப்புகளுக்கு இல்லாத ஓர் இடர்ப்பாடு உண்டு. பள்ளிப் பிள்ளை கணக்கைத் தவறாகப் போட்டால் அழித்துவிட்டு மறுபடி போடலாம். ஸ்கேன் மேசையில் தவறு நேர்ந்து படத்தை மறுபடி எடுக்க நேர்ந்தால், நோயாளியின் உடலில் இரண்டாம் முறையும் கதிர் பாய்கிறது. ஆகவே தவறு செய்து செய்து கற்கும் வழி இங்கே அடைபட்டிருக்கிறது. அப்படியானால் எப்படிக் கற்பிக்கிறார்கள் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

வேலூரும் கதிர்ப்படக் கல்வியும்

வேலூரில் ஐடா சோபியா ஸ்கடர் 1900-ஆம் ஆண்டு ஒற்றைப் படுக்கையுடன் தொடங்கிய சிறு மருத்துவகமே இன்றைய கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் வித்து. 1918-இல் அங்கே பெண்களுக்கான மருத்துவப் பள்ளி தொடங்கியது. அவருடைய சகோதரர் மகளும் ஐடா என்னும் பெயருடையவரே. ஐடா பி. ஸ்கடர் என்று பிரித்தறியப்படும் அவர் கதிரியல் மருத்துவர். வேலூரில் கதிரியல் துறையை வளர்த்தவர்களுள் முதன்மையானவர். சென்னையில் அரசுப் பொது மருத்துவமனையை ஒட்டி 1934-இல் திறக்கப்பட்ட பர்னார்டு கதிரியல் நிறுவனமும், வேலூரின் இத்துறையும் தமிழகத்தில் கதிர்ப்படக் கல்வியின் இரு பழைய வேர்கள் எனலாம்.

இன்று பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியல், வேதியியல், உயிரியல் படித்தவர்கள் இத்துறையில் பட்டப்படிப்பில் சேரலாம். தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் நடைபெறும் இளநிலைப் படிப்பு, ஓராண்டு உள்ளுறைப் பயிற்சியையும் சேர்த்து நான்கு ஆண்டுகள். பட்டயப் படிப்புகளும் உண்டு. முதலில் உடற்கூறும் கதிர் இயற்பியலும், பிறகு சாதாரண எக்ஸ்ரே, அதற்கும் பிறகே சி.டி. என்னும் வரிசையில் மாணவர் வருகிறார். வேலூர் நகரின் மருத்துவமனைகளைத் தவிர, அடுக்கம்பாறையில் அரசு வேலூர் மருத்துவக் கல்லூரியும் உள்ளது. 2019-இல் பழைய வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்து ஆம்பூர், வாணியம்பாடி ஆகியவை திருப்பத்தூர் மாவட்டத்துக்கும், தோல் தொழிலின் இன்னொரு மையமான இராணிப்பேட்டை தனி மாவட்டமாகவும் சென்றுவிட்டாலும், பெரிய நோய் என்றால் அப்பகுதி மக்கள் பேருந்து ஏறுவது இன்றும் வேலூருக்கே.

படம் உருவாகும் விதம்

சாதாரண எக்ஸ்ரே ஒரு நிழல். முன்னால் இருப்பதும் பின்னால் இருப்பதும் ஒன்றன்மேல் ஒன்றாக விழும். சி.டி. கருவியில் எக்ஸ் கதிர்க் குழாய் நோயாளியைச் சுற்றிவருகிறது. எதிர்ப்புறமுள்ள உணரிகள், எந்தத் திசையில் எவ்வளவு கதிர் தப்பி வந்தது என்று அளக்கின்றன. அந்த அளவுகள் அனைத்தையும் கொண்டு கணினி, வாழைத்தண்டை வில்லை வில்லையாக நறுக்கிப் பார்ப்பதுபோல் உடலின் வெட்டுப் படங்களைக் கணித்துத் தருகிறது. இங்கிலாந்தின் இ.எம்.ஐ. நிறுவனத்தில் பணியாற்றிய காட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்டு உருவாக்கிய கருவியில், 1971 அக்டோபர் 1 அன்று இலண்டன் விம்பிள்டனில் உள்ள அட்கின்சன் மார்லி மருத்துவமனையில் முதல் நோயாளிக்குத் தலையில் படம் எடுக்கப்பட்டது. இதற்கான கணிதத்தைத் தனியே ஆராய்ந்திருந்த ஆலன் கார்மாக்குடன் அவர் 1979-ஆம் ஆண்டு மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

ஒவ்வொரு திசுவுக்கும் கணினி தரும் எண்ணுக்கு ஹவுன்ஸ்ஃபீல்டு எண் என்று பெயர். நீருக்கு 0, காற்றுக்கு −1000. ஒரு பொருள் நீரைவிட எத்தனை விழுக்காடு கூடுதலாகக் கதிரைத் தடுக்கிறதோ அதைப் பத்தால் பெருக்கினால் அதன் எண் கிடைக்கும். கொழுப்பு ஏறத்தாழ −100, மூளைத் திசு 35 அளவில், புதிதாக உறைந்த இரத்தம் 60 அளவில். அதாவது மூளைக்கும் அதில் கசிந்த இரத்தத்துக்கும் உள்ள வேறுபாடு இரண்டரை விழுக்காடுதான். சாதாரண எக்ஸ்ரேயில் இது தெரியவே தெரியாது.

சி.டி.யிலும், திரையைச் சரியாக அமைத்தால்தான் தெரியும். மாணவர்கள் இதை 'விண்டோ' என்கிறார்கள். மூளைக்கு நடு எண் 40, அகலம் 80 என வைத்தால் 0 முதல் 80 வரையுள்ள எண்கள் மட்டும் கருப்பிலிருந்து வெள்ளை வரை விரியும். அதில் 35-க்கும் 60-க்கும் உள்ள வேறுபாடு பளிச்சென்று தெரியும். எலும்புக்காக அகலத்தை 2000-க்கு மேல் வைத்தால் அதே இரத்தம் மறைந்துபோகும், மண்டையோட்டின் விரிசல் வெளிப்படும். சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலை விபத்துகளில் தலையில் அடிபட்டவர்கள் இரவு பகல் பாராமல் வந்துசேரும் ஊரில், மாணவர் முதலில் நன்றாகக் கற்றுக்கொள்வது இந்த இரண்டு விண்டோக்களைத்தான். அத்தகைய நோயாளிக்குக் கழுத்தெலும்பு முறிந்திருக்கலாம் என்றே கருதி, தலை, தோள், இடுப்பு மூன்றும் ஒரே நேர்கோட்டில் இருக்கும்படி பலர் சேர்ந்து ஒரே சமயத்தில் மேசைக்கு மாற்ற வேண்டும்.

ஒருவர்மேல் ஒருவர் பழக முடியாத தொழில்

செவிலியர் மாணவியர் ஒருவர் கையில் ஒருவர் இரத்த அழுத்தம் பார்த்துப் பழகலாம். கதிர்ப்பட மாணவர்கள் அவ்வாறு பழக முடியாது. மருத்துவக் காரணம் இல்லாமல், கற்பதற்காக மட்டும் எந்த மனிதர் மீதும் கதிரைப் பாய்ச்சலாகாது. ஆகவே கதிர்க் குழாய் இயங்காத நிலையில் ஒரு மாணவர் படுக்க, இன்னொருவர் எல்லா வேலைகளையும் செய்கிறார். மேசையை ஏற்றுகிறார், ஒளிக்கோடுகளை உடலின் நடுக்கோட்டில் பொருத்துகிறார், மூச்சு சொல்லித் தருகிறார், கடைசிப் பொத்தானுக்கு முன் நிறுத்திக்கொள்கிறார். படுத்திருப்பவருக்கும் இது பாடம்தான். அந்த மேசை எவ்வளவு குறுகலானது, எவ்வளவு குளிர்ச்சியானது, தலைக்கு மேல் வளையம் நெருங்கும்போது எப்படி இருக்கும் என்பது படுத்துப் பார்த்தால்தான் தெரியும்.

கதிரைப் பாய்ச்சிப் பழகுவதற்கு 'பாந்தம்' எனப்படும் மாதிரி உருக்கள் உள்ளன. இவற்றுள் எளியது நீர் நிரப்பிய உருளை. காலையில் குழாயைச் சூடேற்றி, காற்றில் அளவீடு செய்து, பிறகு இந்த உருளையைப் படம் எடுத்து நடுவில் எண்ணைப் பார்ப்பார்கள். 0-க்கு நாலைந்து எண் மேலே கீழே இருக்கலாம், அதற்கு மேல் விலகினால் கருவியைச் சரிபார்க்க வேண்டும். மாணவருக்கு இந்தக் காலை வேலை சலிப்பாக இருக்கும். ஆனால் கருவியின் மீது கை வைக்கும் உரிமை இதில்தான் முதலில் கிடைக்கிறது.

நோயாளியை வளையத்தின் சரியான நடுவில் வைப்பதும் பாந்தத்திலேயே விளங்கிவிடும். உண்மையான ஸ்கேனுக்கு முன் 'டோபோகிராம்' என்னும் நிழற்படம் ஒன்று எடுக்கப்படும். அதில் உடலின் பருமனைக் கணித்தே கருவி எவ்வளவு மின்னோட்டம் தேவை என்று தானாகத் தீர்மானிக்கிறது. உடல் நடுவிலிருந்து விலகிக் குழாய்ப் பக்கம் நெருங்கியிருந்தால், விளக்கருகே நீட்டிய கையின் நிழல் பெரிதாகத் தெரிவதுபோல், நோயாளி பருமனானவராகத் தெரிவார். கருவி தேவைக்கு மேல் கதிரைக் கொடுத்துவிடும். படத்தில் தவறு ஏதும் தெரியாது. படம் அழகாகவே இருக்கும். கண்ணுக்குப் புலப்படாத தவறு என்பதால்தான் இதைத் திரும்பத் திரும்பப் பழக்குகிறார்கள்.

மேசையில் படுக்கும் முன்

பயிற்சியின் பாதி, நோயாளியிடம் பேசுவது. பெயரை நாமே சொல்லி "நீங்கதானே?" என்று கேட்டால் பதற்றத்தில் யாரும் தலையாட்டிவிடுவர். "உங்க பேர் என்ன, எந்த ஊர், எதுக்கு ஸ்கேன் எடுக்கச் சொன்னாங்க?" என்று அவர் வாயாலேயே சொல்ல வைக்க வேண்டும்.

கருவுறும் வயதுப் பெண்களிடம் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு. கருவுற்றிருந்தால் முன்னரே தெரிவிக்கும்படி எழுதிய பலகையை வட்டார மொழியில் வைக்கவேண்டும் என்பது விதி. ஆனால் பலகையைப் படித்துவிட்டு யாரும் தாமாக முன்வந்து சொல்லிவிடுவதில்லை. பத்தொன்பது வயது மாணவன், மாமியாரையும் நாத்தனாரையும் துணைக்கு அழைத்து வந்த பெண்ணிடம் எல்லார் முன்னும் "நீங்க கர்ப்பமா?" என்று கேட்டால் "இல்லை" என்ற ஒற்றைச் சொல்தான் வரும். திருமணமாகாத பெண் என்றால் அந்தக் கேள்வியே சண்டையில் முடியலாம். "கடைசியா எந்தத் தேதியில தலைக்குக் குளிச்சீங்க, நாள் ஏதும் தள்ளிப்போயிருக்கா?" என்று ஒரு பெண் ஊழியர் தனியே அழைத்துக் கேட்டால் உண்மை வந்துவிடும். இந்த ஒரு கேள்விக்கு ஒரு முழு வகுப்பு ஒதுக்கினாலும் தகும் என்பது என் கருத்து.

அடுத்து உலோகம். சி.டி. படத்தில் உலோகம் நாலாபுறமும் கோடுகளாகச் சிதறி, அருகிலுள்ள உறுப்புகளை மறைக்கும். வயிற்று ஸ்கேனுக்கு வெள்ளி அரைஞாணும் இடுப்புத் தாயத்தும், தலைக்கு மூக்குத்தியும் தோடும், மார்புக்குத் தாலியும் தடை. எல்லாவற்றையும் கழற்றச் சொல்வது எளிது. தாலியைக் கழற்றுவது பலருக்கு அபசகுனம். தலை, வயிறு, கால் ஸ்கேன்களுக்குத் தாலி அந்தப் பகுதியில் படாமல் ஒதுக்கி வைத்தாலே போதும், கழற்றவே வேண்டியதில்லை. மார்புக்கும் கழுத்துக்கும்தான் கழற்ற வேண்டும். அப்போதும் வெறும் மஞ்சள் கயிற்றைக் கட்டிக்கொண்டு வரலாம், கயிறு படத்தில் கோடு போடாது. எந்த உறுப்புக்கு எது தடை என்று தெரிந்த மாணவர், தேவையில்லாமல் ஒரு பெண்ணை அழவைக்க மாட்டார்.

தோல் பதனிடும் இடங்களிலும் ஷூ கம்பெனிகளிலும் வேலை செய்பவர்கள் ஆம்பூர், பேரணாம்பட்டுப் பக்கமிருந்து வரும்போது, ஒருநாள் கூலியை விட்டுவிட்டே வருகிறார்கள். தோலைத் தேய்த்து மென்மையாக்கும் பிரிவில் தூசியைச் சுவாசித்தவர்களுக்கு மூச்சு முட்டல் என்றால், ஒரு மில்லிமீட்டர் அளவு மெல்லிய வெட்டுகளில் நுரையீரலைப் பார்க்கும் ஸ்கேன் தேவைப்படலாம். மல்லாந்து படுத்தால் நுரையீரலின் முதுகுப்பகுதி தன் எடையால் சற்று அமுங்கி, நோய்போலவே தோன்றும். அந்த ஐயம் எழும்போது குப்புறப் படுக்கவைத்துச் சில வெட்டுகள் எடுத்தால் உண்மை விளங்கும். நோயாளி எழுந்து போவதற்குள் கதிரியல் மருத்துவரிடம் கேட்டுவிட வேண்டும். அவர் ஆம்பூருக்குத் திரும்பிய பின் நினைவு வந்தால், இன்னொரு நாள் கூலியும் போகும்.

மூச்சு

சில ஆண்டுகளுக்கு முன் எனக்கே வயிற்று ஸ்கேன் எடுக்க நேர்ந்தது. ஒரு மருத்துவமனையில், பயிற்சியில் இருந்த இளைஞர் ஒலிபெருக்கி வழியாக "மூச்சை நிறுத்துங்க" என்றார். நிறுத்து என்றால் நிறுத்துவதுதானே! உள்ளே இழுக்காமல், இருந்த மூச்சோடு அப்படியே நிறுத்தினேன். மேசை நகர்ந்துகொண்டிருக்கும்போதே தாங்காமல் பெருமூச்சு விட்டேன். கல்லீரல் இரட்டையாகத் தெரிந்ததாம், மறுபடியும் எடுத்தார்கள். இரண்டாம் முறை மூத்தவர் ஒருவர் அருகே வந்து, "ஐயா, நல்லா உள்ளே இழுங்க, அப்படியே பிடிங்க, நான் சொன்னதும் விடுங்க" என்று சொல்லி, இரண்டு முறை பழகவைத்துவிட்டுப் போனார். முதலிலேயே செய்திருக்கக் கூடிய அரை நிமிட வேலை. அந்த இளைஞர் மீது எனக்கு வருத்தமில்லை. அவரைத் தனியே விட்டுப் போனவர் மீது உண்டு.

வேலூரில் இந்தச் சிக்கல் பன்மடங்கு. மேற்கு வங்கம், ஜார்க்கண்ட், வடகிழக்கு மாநிலங்கள், ஆந்திரம், வங்காளதேசம் எனப் பல இடங்களிலிருந்தும் நோயாளிகள் வருகிறார்கள். ஆம்பூர், வாணியம்பாடிக்காரர்களில் பலருக்கு வீட்டுமொழி உருது. கருவியில் பல மொழிகளில் மூச்சுக் கட்டளைகள் பதிவு செய்யப்பட்டிருக்கும். ஆனாலும் காது மந்தமான முதியவருக்கு அது பயன்படாது. மாணவர்கள் மூன்று சொற்களையாவது பல மொழிகளில் கற்றுக்கொள்கிறார்கள்: இழு, பிடி, விடு. தெலுங்கில் "ஊபிரி பீல்ச்சண்டி, பிகபட்டண்டி, வதலண்டி". வங்காளியில் "ஷாஷ் நின், தொரே ராகுன், சேரே தின்". இவற்றில் மூன்றாவதை மறப்பவர்களே அதிகம். விடச் சொல்லாவிட்டால் நோயாளி முகம் சிவக்கும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டே கிடப்பார்.

ஏற்பளவுக் கணக்கு

மறுபடி எடுத்தால் என்ன ஆகிவிடும் என்பதை மாணவர் கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். ஒவ்வொரு ஸ்கேன் முடிவிலும் கருவி இரண்டு எண்களைக் காட்டும். ஒன்று கதிரின் செறிவு, மில்லிகிரேயில். மற்றொன்று அதைப் படம் எடுத்த நீளத்தால் பெருக்கிய தொகை. வயிற்றுக்கும் இடுப்புக்கும் சேர்த்துச் செறிவு 12, நீளம் 50 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால் தொகை 600. வயிற்றுப் பகுதிக்குரிய கெழு 0.015. பெருக்கினால் 9 மில்லிசீவர்ட் வரும். இதுவே முழு உடலுக்கும் ஈடான கதிர் ஏற்பளவு. மண்ணிலிருந்தும் வானிலிருந்தும் இயற்கையாக உலக மக்கள் பெறுவது ஆண்டுக்குச் சராசரி 2.4 மில்லிசீவர்ட். ஆக இந்த ஒரு ஸ்கேன் ஏறத்தாழ நான்கு ஆண்டு இயற்கைக் கதிருக்குச் சமம். மூச்சுத் தவறி மறுபடி எடுத்தால் எட்டு ஆண்டு.

மாணவர் எல்லைக் கோட்டைக் கவனமின்றி ஐந்து சென்டிமீட்டர் கீழே இழுத்துவிட்டால்? 12-ஐ 5-ஆல் பெருக்க 60, அதாவது பத்து விழுக்காடு கூடுதல். தேவையான ஸ்கேனை அஞ்சித் தவிர்ப்பதும் தவறுதான், நோயைக் கண்டறிவதால் வரும் நன்மை இந்தக் கதிரின் தீங்கைவிடப் பன்மடங்கு பெரியது. தேவைக்கு மேற்பட்ட பகுதியே வீண். குழந்தைகளுக்கு இது இன்னும் கடுமை. அவர்களின் திசுக்கள் கதிரால் எளிதில் பாதிக்கப்படும், அந்தப் பாதிப்பு வெளிப்பட முன்னே நெடிய ஆயுளும் இருக்கிறது. பெரியவருக்கான அளவுகளைக் குழந்தைக்கு அப்படியே வைப்பது பெருந்தவறு.

சிறுநீரகம் தானம் தருபவர் போன்ற நோயற்றவரும் சில வேளைகளில் மேசைக்கு வருவதுண்டு. இந்தியாவில் சிறுநீரக மாற்று அறுவை வேரூன்றிய இடங்களுள் வேலூரும் ஒன்று. 1971-இலேயே அங்கு அது நடந்தது. கொடையாளியின் சிறுநீரக இரத்தக் குழாய்கள் எத்தனை, எங்கே பிரிகின்றன என்பதை இன்று சி.டி. காட்டுகிறது. தன் நன்மைக்காக அன்றிப் பிறருக்காகக் கதிரை ஏற்கும் அவருக்கு ஒரு வெட்டுக்கூட வீணாகக் கூடாது.

மருந்து ஊசி

இரத்தக் குழாய்களையும் கட்டிகளையும் தெளிவாகக் காட்ட, அயோடின் கலந்த மருந்தைக் கையின் சிரையில் செலுத்துவர். மக்கள் இதைக் 'கான்ட்ராஸ்ட் ஊசி' என்கிறார்கள். முன்பு இதனால் ஒவ்வாமை வந்ததா, ஆஸ்துமா உண்டா, சிறுநீரகம் எப்படி, சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறாரா என்று கேட்டு, கிரியேட்டினின் சோதனை முடிவைப் பார்த்த பிறகே மேசைக்கு அழைக்க வேண்டும். ஊசி போட்டதும் உடம்பு முழுதும் சூடு பரவும், சிறுநீர் பிரிந்துவிட்டதுபோல் தோன்றும். இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால் நோயாளி திடுக்கிட்டு அசைவார், படம் கெடும்.

இயந்திர ஊசி விநாடிக்கு மூன்று முதல் ஐந்து மில்லிலிட்டர் வேகத்தில் மருந்தைத் தள்ளும். ஊசி சிரையை விட்டு விலகியிருந்தால் கை வீங்கிவிடும். எனவே முதலில் உப்புநீர் செலுத்திப் பார்ப்பதும், குழாயில் காற்றுக் குமிழி இல்லையென்று உறுதி செய்வதும் தவிர்க்கக் கூடாதவை. மருந்து தமனிகளில் நிறைந்திருப்பது ஊசிக்குப் பின் ஏறத்தாழ 30 விநாடியில்; கல்லீரல் நன்கு தெரிவது 70 விநாடி அளவில். நேரம் தவறினால் மருந்தும் கதிரும் இரண்டும் வீண். முடிந்த பின்னும் நோயாளியை அரை மணி நேரம் அமரவைத்துக் கவனிக்க வேண்டும். தடிப்பு, மூச்சுத் திணறல், மயக்கம் எது கண்டாலும் மாணவர் செய்யவேண்டிய முதல் வேலை உரக்கக் கூப்பிடுவது. அட்ரினலின் எங்கே இருக்கிறது என்பது கண்ணை மூடிக்கொண்டு எடுக்கும் அளவுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

மேற்பார்வையும் சட்டமும்

மாணவர் முதலில் பார்க்கிறார், பிறகு உடனிருந்து உதவுகிறார், பிறகு மூத்தவர் அருகில் நிற்கத் தாமே செய்கிறார். ஒவ்வொன்றையும் பதிவேட்டில் எழுதிக் கையொப்பம் பெறுகிறார். அமெரிக்காவில் கதிர்ப்படக் கல்விக்கு அங்கீகாரம் வழங்கும் குழு ஒரு விதி வைத்துள்ளது: மறுபடி எடுக்க நேரும் படத்தை மாணவர் தனியே எடுக்கக் கூடாது, தகுதி பெற்ற ரேடியோகிராபர் உடனிருக்க வேண்டும். மாணவர் எவ்வளவு தேறியிருந்தாலும் இது பொருந்தும். நம் ஊரிலும் ஒவ்வொரு ஸ்கேன் அறையிலும் இதை எழுதி ஒட்டலாம்.

இந்தியாவில் கதிர்வீச்சுக் கருவிகளை ஒழுங்குபடுத்துவது, 1983-இல் அமைக்கப்பட்ட அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம். சி.டி. கருவியை அதன் உரிமம் இல்லாமல் இயக்கக் கூடாது. கதிர்ப் பணியாளர் பெறக்கூடிய அளவு, ஐந்தாண்டுச் சராசரியில் ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட். எந்த ஓராண்டிலும் 30-ஐத் தாண்டக் கூடாது. 16 முதல் 18 வயது வரையுள்ள பயிற்சியாளருக்கு 6 மட்டுமே. மார்பில் அணியும் டி.எல்.டி. பட்டையில் டிஸ்புரோசியம் சேர்த்த கால்சியம் சல்பேட் வில்லைகள் உள்ளன. வாங்கிய கதிரை அவை சேமித்துவைத்து, ஆய்வகத்தில் சூடேற்றும்போது ஒளியாக வெளிவிடும். அந்த ஒளியை அளந்து மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணக்கு வரும். ஈய மேலங்கி அணிந்தால் பட்டை அதற்கு உள்ளே இருக்க வேண்டும். ஒருவர் பட்டையை இன்னொருவர் அணியக் கூடாது. ஈயக் கண்ணாடிக்குப் பின்னால் நின்று முறையாகப் பணிபுரியும் சி.டி. ரேடியோகிராபருக்கு வரும் அளவு மிகக் குறைவே. பெற்றோர் இதைக் கேட்டுவிட்டுப் பெண்பிள்ளைகளை இப்படிப்பில் சேர்க்கத் தயங்குவதை நான் பார்த்திருக்கிறேன், தயங்கத் தேவையில்லை.

2021-இல் நாடாளுமன்றம் இயற்றிய துணை மருத்துவ, நலவாழ்வுத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம் இத்தொழிலையும் உள்ளடக்கியுள்ளது. பாடத்திட்டம், தகுதி, பதிவு ஆகியவற்றுக்கு ஒரே அளவுகோல் கொண்டுவருவது அதன் நோக்கம். ஆனால் கல்லூரியின் விளம்பரப் பலகையைப் பார்த்து அளவுகோல் தெரியாது. சேர விரும்பும் மாணவர் நேரில் சென்று சிலவற்றைக் கேட்டுக்கொள்வது நல்லது. அந்நிறுவனத்துக்குச் சொந்தமாக சி.டி. கருவி உள்ளதா அல்லது வெளியே எங்காவது அனுப்புவார்களா, ஒரு கருவிக்கு எத்தனை மாணவர்கள், முதல் நாளிலிருந்தே டி.எல்.டி. பட்டை தருவார்களா, இரவுப் பணியில் மாணவருடன் மூத்தவர் ஒருவர் இருப்பாரா.